விபத்துக்குப் பிறகு இந்த டேஷ்கேம் எனக்கு எப்படி உதவியது

டேஷ்கேம் (காருக்குள் பொருத்திச் சாலையைப் படமெடுக்கும் கேமரா) வாங்கப் போனால் படத்தின் தெளிவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நெரிசலான நகர நெடுஞ்சாலையில் பக்கத்து லேனில் வந்த கார் சட்டென்று உள்ளே புகுந்து என் வண்டியை உரசிய பிறகு, எனக்கு அந்தப் பதிவு சாட்சியமாக நிற்குமா என்பதுதான் முக்கியமாகிவிட்டது.

நின்றது. நான்தான் லேன் மாறினேன் என்று அந்த ஓட்டுநர் அடித்துச் சொன்னார். ஆனால் என் சக்கரம் கோட்டைத் தாண்டாததும், அவர் இண்டிகேட்டர் போடாததும் பதிவில் தெளிவாக இருந்தன. நேரமும் வேகமும் ஜிபிஎஸ்ஸில் இருந்து எடுக்கப்பட்டவை என்பதால் அவற்றையும் யாரும் சந்தேகிக்கவில்லை.

மெமரி கார்டு நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது பதிவாகும். வண்டி எதிலாவது இடித்தால் அதிர்வு சென்சார் அந்தத் துண்டை மட்டும் அழியாமல் பூட்டிவிடும். சென்சாரை நடுத்தர அளவில் வையுங்கள். மிக நுணுக்கமாக வைத்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு துண்டு பூட்டிக்கொண்டு கார்டு நிரம்பிவிடும். இந்த வசதிக்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018 மே மாதம், இடைவிடாமல் படமெடுத்துச் சேமிப்பது தனியுரிமைச் சட்டத்தை மீறுவதுதான், ஆனாலும் விபத்து இழப்பீட்டு வழக்கில் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. பழையதை அழித்துக்கொண்டே போய், மோதும்போது மட்டும் நிரந்தரமாகச் சேமிக்கும் கேமரா சாத்தியம்தானே என்றும் அது சுட்டிக்காட்டியது.

பெரிய குறை இதன் போன் செயலி. போனுக்கு அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறது, நம்பர் பிளேட் கூடப் படிக்க முடியாது. அதனால் கார்டையே கழற்றி, அசல் கோப்பை நகலெடுங்கள். வெட்டவோ பெயர் மாற்றவோ வேண்டாம். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவோடு தரும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற ஒரு குறியீடு) எழுத வேண்டும். கோப்பின் உள்ளடக்கத்தில் எதை மாற்றினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். உங்களுக்குப் பாதகமான பதிவாக இருந்தாலும் அழிக்காதீர்கள், அழித்ததே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

மைக் பற்றியும் சொல்ல வேண்டும். இடித்த அதிர்ச்சியில் "சாரி, நான் கவனிக்கல" என்று மரியாதைக்குச் சொல்வதும் பதிவாகும், எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். காயம் பட்டவரைப் பாருங்கள், உதவிக்கு அழையுங்கள், தப்பு யாருடையது என்ற பேச்சு அங்கே வேண்டாம். எதிராளி யார் என்று கேட்கத் தயங்கவும் வேண்டாம். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம், 31-ஆவது பிரிவில், விபத்தில் சிக்கிய ஓட்டுநர் நின்று, கேட்டால் தன்னை அடையாளம் சொல்ல வேண்டும் என்கிறது.

கேமராவால் காட்ட முடியாதது உடம்பின் வலி. கழுத்து வலி சில மணி நேரம் கழித்தோ மறுநாளோகூடத் தலைகாட்டலாம். டாக்டர் பார்க்கும் முன் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளை இன்சூரன்ஸ்காரர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். நான் மறுத்தேன், சிகிச்சைச் செலவு பிறகு தனியாகச் சேர்ந்தது.

பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமிக்கும் வேறு வகைப் பாகம்) இருப்பதால் வெயிலில் நிறுத்தினாலும் உப்பாது, நல்ல விஷயம். இரவில் பின் கேமரா சுமார்தான்: ஹெட்லைட் வெளிச்சத்தில் நம்பர் பிளேட் வெள்ளையாகக் கரைந்துவிடுகிறது. இரவில் அதிகம் ஓட்டுபவர்கள் பின் கேமரா நன்றாக உள்ள வேறு மாடலைப் பாருங்கள். மற்றவர்கள் தாராளமாக இதை வாங்கலாம்.