ஹட்டன் குளிரில் தொட்டிக் கொச்சி: ஐந்து வருடத்தில் எது நின்றது, எது போனது

2020 மார்ச் ஊரடங்கில் டவுனுக்கு இறங்க வழியில்லாமல் இருந்தபோது, பக்கத்து லயத்து மாமி ஒரு கை கொச்சிக்காய் கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவுதான். சின்ன வெங்காயம், உப்பு, கொஞ்சம் மாசியோடு அம்மியில் நசுக்கி ரொட்டிக்குத் தொட்டுக்கொண்டேன். அதுவரை கடை மிளகாயில் வெறும் உறைப்பைத்தான் தின்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மிச்சமிருந்த நாலு பழத்தின் விதையை எடுத்து வைத்தேன். காட்டு மிளகாய் வகைகளைத் தேடிப் போடும் ஆசை அப்படித் தொடங்கியது; இப்போது இஸ்தோப்பு (முன் திண்ணை) ஓரத்தில் 11 வாளி நிற்கிறது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் நமக்கு எல்லா மிளகாயும் கொச்சிக்காய்தான். சிங்கள நண்பர்கள் 'கொச்சி' என்றால் வானம் பார்த்து நிற்கும் அந்தக் குட்டி வகையை மட்டும் சொல்கிறார்கள். கீழே நான் கொச்சி என்று எழுதுவதும் அதையே.

எங்கள் வீடு ஏறக்குறைய 4,200 அடியில் இருக்கிறது. மே தொடங்கி செப்டெம்பர் வரை மழை, ஜனவரியில் ராக்குளிர். மிளகாய் வெயில் நாட்டுச் செடி. இரவு வெப்பம் 15 பாகைக்குக் கீழே போகும் வாரங்களில் பூ வரும், ஆனால் பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். விதைப் பொட்டலத்தில் போட்டிருக்கும் உறைப்புக் கணக்கை நான் பார்ப்பதை விட்டது இதனால்தான். 1912இல் ஸ்கோவில் என்பவர் ஏற்படுத்திய அந்த அளவு நாக்கு எவ்வளவு எரியும் என்பதைச் சொல்லும். வாசனை இருக்குமா, நம் குளிரில் காய்க்குமா என்று சொல்லாது.

கொச்சி. ஐந்து வருடமும் கைவிடாதது இது ஒன்றுதான். அரைக்காட்டுச் செடி என்பதால் இலைச்சுருட்டல் வந்தாலும் எழுந்துவிடும். பழுத்தால் காம்பு செடியிலேயே நிற்க, பழம் மட்டும் தொட்டவுடன் கழன்று வரும். குருவிக்காக அமைந்த ஏற்பாடு அது. பறவைக்கு இந்த உறைப்பு தெரியாது; தின்று, விதையை எங்கெங்கோ போட்டுவிடும். நான் விதையைத் துணியில் சுற்றி, அடுப்படிச் சூட்டில் வைத்து, நாள் எண்ணிக்கொண்டு இருந்தபோது மாமி சிரித்தார். "என்னா தம்பி, கொச்சிக்காய்க்கு இம்புட்டு சவரட்சணையா? குருவி பீச்சுனாலே மொளைக்கும்." என்னுடையது முளைக்க 24 நாள் ஆனது. அதே காலத்தில் தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் பக்கத்தில் தானாக ஒன்று முளைத்திருந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

இதன் வாசனை பச்சையில் புல் மாதிரி, பழத்தில் லேசான இனிப்போடு இருக்கும். உறைப்பு சட்டென்று ஏறி, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும். பெப்ரவரி, மார்ச் வெயிலில் பழுத்ததைத்தான் சம்பலுக்கு வைப்பேன். மழைக்காலப் பழத்தில் தண்ணீர்ச் சுவை, பாதிக்கு மேல் புள்ளி விழுந்து அழுகியும் போகும்.

நை மிரிஸ் என்னும் கடும் உறைப்பு மிளகாய் காட்டு வகை இல்லை, தோட்டத்து வகை. ஆனாலும் வாசனைக்காக விட மனமில்லை. கருவாட்டுக் குழம்பில் ஒன்றை முழுசாகப் போட்டு, வெடிக்கும் முன் எடுத்துவிட்டால் வீடு முழுக்கப் பழ வாசனை. உள்ளே வெடித்தால் அன்றைக்கு யாரும் சாப்பிட முடியாது. திறந்த வெளியில் எனக்கு முதல் இரண்டு வருடம் ஒரு காய்கூட நிற்கவில்லை. சமையலறைச் சுவரை ஒட்டி வைத்து, மேலே கண்ணாடித் தகடு மாதிரியான பிளாஸ்டிக் ஷீட் போட்ட பிறகு வருடத்துக்கு 20 காய் வரை வருகிறது. வீட்டுக்கு அது போதும். விற்க நினைப்பவர்கள் இந்த உயரத்தில் இறங்க வேண்டாம்.

அடுத்தது நான் ஆசைப்பட்டு வாங்கிய சில்டெப்பின். மெக்சிகோப் பக்கம் காட்டில் வளரும், பட்டாணி அளவு உருண்டைக் காய். நம் சாதாரண மிளகாயின் காட்டு மூதாதை இதுதான் என்கிறார்கள். முதல் பொட்டலத்தில் வந்தது அலங்காரச் செடி: ஊதாவும் மஞ்சளுமாகக் காய்த்தது, மணமே இல்லை. விற்றவரிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. இரண்டாவது இடத்தில் வாங்கியது சரியான விதை, முளைக்க ஐந்து வாரம். செடி நன்றாக வளர்ந்தது, காய்க்கத்தான் இல்லை. மனம் வெறுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துப் பதுளையில் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே ஏறக்குறைய 2,200 அடி. நான்கு மாதத்தில் இலை தெரியாமல் காய்! காயவைத்தால் புகை போட்டது மாதிரி ஒரு வாசனை. அக்கா அந்த விதையை எடுத்துப் போட்டார், அடுத்த தலைமுறை நீளக் காயாகவும் உறைப்புக் குறைந்தும் வந்தது. பக்கத்திலேயே கறி மிளகாய் நின்றிருக்கிறது, இரண்டும் ஒரே இனம், சுலபமாகக் கலந்துவிடும். விதை எடுக்கப்போகும் கிளையில் பூ விரியும் முன்பே மெல்லிய துணிப்பை கட்டுங்கள்.

மண் விஷயத்தில் நான் பட்டது பெரிய பாடு. சும்மா கிடைக்கிறதே என்று தேயிலை மலை மண்ணை அள்ளி நிரப்பினேன். தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும், மிளகாய்க்கு ஆகாது. செடி மஞ்சளித்து அப்படியே நின்றுவிட்டது. வாளிக்கு ஒரு பிடி டொலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்) கலந்து, பாதிக்குப் பாதி மக்கிய மாட்டெருவும் ஆற்று மணலும் சேர்த்த பிறகுதான் பச்சை திரும்பியது. 2021இல் இரசாயனப் பசளை இல்லாமல் போனபோது என் வாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு முந்தின வருடம் யூரியா போட்டு, இலையை மட்டும் அறுவடை செய்தவன் நான்.

வாளி 15 லீற்றருக்குக் குறையக்கூடாது. பெயின்ட் வாளி தாராளம், அடியில் ஆறேழு ஓட்டை போட்டுச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மண்சட்டி அழகுதான், காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. தகரக் கூரையின் தண்ணீர் விழும் கோட்டில் மட்டும் எதையும் வைக்க வேண்டாம். ஒரே இரவில் வேர் வெளியே தெரியும்.

செப்டெம்பரில் கொச்சிக்குக் கவ்வாத்து. தேயிலைக்குச் செய்வது போலத்தான், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வெட்டிவிடுவேன். முதல் தடவை கை நடுங்கியது. ஆனால் 2020இல் முளைத்த செடி இன்றும் காய்ப்பது அந்த வெட்டினால்தான் என்று நம்புகிறேன்.

கடைசியாகச் சேர்ந்தது ரொக்கோட்டோ மிளகாய். இதுவும் காட்டு வகை இல்லை, தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைக்காரர்களுடையது. குளிர் ஒத்துக்கொள்ளும், உறைபனி ஒத்துக்கொள்ளாது. இலையில் மயிர், ஊதாப் பூ, விதை கறுப்பு. மற்ற மிளகாய்களோடு கலக்காது என்பதால் விதை எடுப்பது நிம்மதி. 2023இல் போட்ட இரண்டு செடியும் முதல் வருடம் பூவைக் கொட்டின. இந்த வருடம் ஒன்பது காய், பழுக்கவே மூன்று மாதம். சதை தடிப்பு, காயவைக்க முடியாது. பச்சையாக அரிந்து தேசிக்காய் பிழிந்தால் அருமை. நத்தைக்கும் பிடித்திருக்கிறது. நுவரெலியா பக்கம் இருப்பவர்கள் நை மிரிஸோடு மல்லுக்கட்டாமல் இதைப் போட்டுப் பாருங்கள், பனி விழும் இரவுகளில் வாளியை உள்ளே எடுத்துவிட்டால் போதும்.

மாமிக்கும் ஒன்று கொடுத்தேன். உருட்டிப் பார்த்துவிட்டு, "இது தக்காளி சாதில்ல?" என்றார். மறுநாள் காலையில் வாசலில் நின்று, அதை வெட்டிய கத்தியால் பேரனுக்கு அப்பிள் வெட்டிக் கொடுத்ததாகவும், இனி இந்தச் சனியனைத் தன் வீட்டுப் பக்கம் கொண்டுவரக்கூடாதென்றும் சொல்லிவிட்டுப் போனார்.