சாம்பல் பட்டியலா, ஊழல் மதிப்பெண்ணா: எதை நம்புவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் டிரஸ்டுக்கு நான்தான் பொருளாளர். 2020இல் மொரீஷியஸ் சொந்தக்காரர்கள் திருப்பணிக்கு அனுப்பிய நன்கொடையை வங்கி பல வாரம் நிறுத்தி வைத்தது. அந்தப் பிப்ரவரியில்தான் மொரீஷியஸ் எஃப்ஏடிஎஃப் (கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சர்வதேச அமைப்பு) வைக்கும் சாம்பல் பட்டியலில், அதாவது குறைகளுக்காகக் கண்காணிக்கப்படும் நாடுகளின் பட்டியலில், சேர்ந்திருந்தது. 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவும் அதில் விழுந்தது. தமிழ்நாட்டுச் சிற்பிகளுக்கு நாங்கள் அனுப்பிய கூலிக்கு அப்போது அங்கே கேள்வி மேல் கேள்வி. பண விஷயத்தில் ஒரு நாட்டின் நேர்மையை எதை வைத்துத்தான் எடை போடுகிறார்கள் என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

பலரும் முதலில் எடுத்துக் காட்டுவது ஊழலைக் கண்காணிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் என்ற அமைப்பின் ஊழல் மதிப்பெண். நூற்றுக்கு எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுத்தம். 2020இல் மொரீஷியஸுக்கு 53, தென்னாப்பிரிக்காவுக்கு 44. ஆனால் அந்த வருடம் பட்டியலில் இருந்தது மொரீஷியஸ்தான், நாங்கள் இல்லை! காரணம், இரண்டும் கேட்கும் கேள்வியே வேறு. அரசுத் துறையில் லஞ்சம் எவ்வளவு என்று நிபுணர்களும் தொழில் நடத்துபவர்களும் நினைப்பதைத்தான் மதிப்பெண் தொகுக்கிறது. வங்கி வழியாகக் கறுப்புப் பணம் வெள்ளையாவது அதில் வராது. 2024இல் 90 வாங்கி முதலிடம் பிடித்தது டென்மார்க். அந்த நாட்டு டான்ஸ்கே வங்கியின் எஸ்தோனியக் கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 200 பில்லியன் யூரோ போனது, பெரும்பகுதி சந்தேகத்துக்குரிய பணம்.

எஃப்ஏடிஎஃப் வேறு விதம். ஆட்களை அனுப்பி, சட்டம் இருக்கிறதா, அது உண்மையில் வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. எங்கள் நாட்டைப் பற்றிய அறிக்கை 2021 அக்டோபரில் வந்தது. செயல்பாட்டை அளக்கும் 11 தலைப்புகளில் ஒன்றில்கூட நல்ல தரம் இல்லை. பெரிய வழக்குகள் நகரவில்லை, கம்பெனிகளின் உண்மையான முதலாளி யார் என்பதே தெரியவில்லை. எஃப்ஏடிஎஃப் கேட்ட 22 வேலைகளைச் செய்து முடித்து 2025 அக்டோபரில் வெளியே வந்தோம். அதில் ஒரு வேலை எங்கள் கோயில் வாசல் வரை வந்தது: 2023 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு டிரஸ்டும் தன் உண்மையான பயனாளிகளைப் பதிவு செய்ய வேண்டும். "முருகன்தானப்பா உரிமையாளர்?" என்று தலைவர் ஐயா நிஜமாகவே கேட்டார். தர்மகர்த்தாக்கள் எல்லோருடைய பெயரையும் கொடுத்தோம். எனக்கு அது நல்ல மாற்றமாகவே படுகிறது.

ஆனால் பட்டியலில் இருந்த 2023, 2024 இரண்டு வருடமும் எங்கள் ஊழல் மதிப்பெண் அதே 41. வேலைகள் முடிவதும் ஊழல் குறைவதும் ஒன்றல்ல. ஊழலால் 2018இல் கவிழ்ந்த எங்கள் நாட்டு விபிஎஸ் வங்கியில் சேமிப்பைப் பறிகொடுத்த லிம்போபோ மாகாணக் கிராமத்து முதியவர்களிடம் 22 வேலையும் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது, ஒரு நாட்டில் கறுப்புப் பணம் வெள்ளையாகும் ஆபத்தை அளக்கும், சுவிட்சர்லாந்தின் பாசல் நிறுவனத்தின் குறியீடு. இதில் பூஜ்யத்திலிருந்து 10 வரை, எண் கூடினால் ஆபத்து. மேலே சொன்ன இரண்டையும் இன்னும் பலவற்றையும் கலந்து ஒரே எண்ணாகத் தருகிறது. அவசரத்துக்குச் சௌகரியம், ஆனால் எங்கே ஓட்டை என்று அந்த எண் சொல்லாது.

மூன்றும் ஒத்துப்போகும் நாடும் உண்டு. பர்மா 2022 அக்டோபரிலிருந்து எஃப்ஏடிஎஃப்பின் இன்னும் கடுமையான கறுப்புப் பட்டியலில், 2024 ஊழல் மதிப்பெண் 16, பாசலிலும் அதே வருடம் ஆபத்தில் முதலிடம். யாங்கோனில் இருக்கும் தமிழ்க் குடும்பம் பிள்ளையின் படிப்புக்கு அனுப்பும் பணத்தின் மேலும் இதே சந்தேகம் விழுகிறது என்பதுதான் வேதனை.

ஒன்றைத்தான் எடு என்றால், நான் எஃப்ஏடிஎஃப் அறிக்கையைத்தான் எடுப்பேன். பட்டியலை அல்ல, அறிக்கையை. அதிலும் விசாரணை, வழக்கு, பறிமுதல் பற்றிய பகுதியைத்தான் முதலில் திறப்பேன். எத்தனை வழக்கு தீர்ப்பு வரை போனது, எவ்வளவு பணம் திரும்ப வந்தது என்று அங்கேதான் எழுதியிருப்பார்கள்.