‘ரசாயனமற்ற’ பூந்திக்கொட்டைத் திரவத்தை வாங்கி ஏமாந்த கதை

சோப்புக்கு மாற்றாக, பூந்திக்கொட்டையை மட்டுமே கொண்டு தயாரித்தது என்றும் ஒரு துளி ரசாயனமும் சேராதது என்றும் விளம்பரம் செய்யப்பட்ட திரவம் ஒன்றை இணையவழியில் வாங்கினேன். குப்பியில் மூலப்பொருள் பட்டியலும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. அதைக் கண்ட அன்றே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்; ‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மயங்கிவிட்டேன்.

ஒரு வாரத்தில் முகம் இறுகி, கன்னங்களில் செதில் உதிர்ந்து, தண்ணீர் பட்டாலே எரிந்தது. விற்பனையாளரிடம் முறையிட்டபோது, பல ஆண்டுகளாகச் சேர்ந்த நச்சு வெளியேறுகிறது, பொறுத்துக்கொண்டு தொடருங்கள் என்றார். நானும் அதை நம்பி மேலும் 10 நாள் பூசினேன் என்பதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. தோல் அப்படி நச்சை வடித்துக்கொட்டும் உறுப்பு அன்று. எரிச்சல் என்றால் அது எரிச்சல்தான்.

தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, அந்தத் திரவத்தின் நிறமும் மணமும் எப்படி இருக்கும் என்பதே. பூந்திக்கொட்டையை வேகவைத்து வடித்தால் நீர்த்த பழுப்பு நீர் கிடைக்கும். மணம் சற்றுப் புளித்தாற்போல் இருக்கும். பதப்படுத்தும் பொருள் சேர்க்காவிட்டால் சில நாட்களில் கெட்டுவிடும். நான் வாங்கியதோ கெட்டியாக, மலர் மணத்துடன், மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. சந்தேகம் தீர, அமில காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாளை வாங்கி, நானே பூந்திக்கொட்டையை வேகவைத்து வடித்த நீரையும் குப்பியில் இருந்த திரவத்தையும் சோதித்தேன். நானே வடித்த நீர் லேசான அமிலம்; குப்பியில் இருந்ததோ சாதாரண சோப்பைப் போலவே 10-ஐ ஒட்டிய காரத் தன்மையைக் காட்டியது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே 5-ஐ ஒட்டிய அமிலத் தன்மை கொண்டது. சோப்பு எனக்கு ஒத்துக்கொள்ளாததால்தான் மாற்றைத் தேடினேன். பெரும்பாலும் சோப்பையே, கூடுதல் விலைக்கு, வேறு பெயரில் வாங்கியிருக்கிறேன்.

காரம் இல்லாமல் எந்த எண்ணெயும் சோப்பாகாது. ஆகவே ‘காரம் சேர்க்காத இயற்கை சோப்பு’ என்று எவர் விற்றாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். உண்மையான பூந்திக்கொட்டை நீரும் கண்ணில் பட்டால் கடுமையாக எரியும் என்பதால், முகத்துக்கு முன் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்ப்பது நல்லது.

திறந்த குப்பிக்குப் பணம் தர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். நான் எழுதிய விமர்சனமும் நீக்கப்பட்டது. அதே குப்பி, ‘மென்மையான சருமத்துக்கு’ என்ற புதிய ஒட்டுச்சீட்டுடன் இன்றும் விற்பனையில் இருக்கிறது.