களிமண் உருண்டையில் ஆர்கிட்: பெங்களூரு பால்கனியில் 4 வருட அனுபவம்

அல்சூரில் எங்கள் பால்கனி கிழக்குப் பார்த்தது. காலையில் இளவெயில், அப்புறம் நாள் முழுக்க நல்ல வெளிச்சம். முதலில் எல்லாரையும் போலத் தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்டுத்தான் ஃபெலனாப்சிஸ் என்ற ஆர்கிட்டை வைத்தேன். ஜூனிலிருந்து அக்டோபர் வரை விட்டு விட்டு மழை பெய்கிற ஊரில் மட்டை காயவே இல்லை. இரண்டு வருடத்தில் மூன்று செடிகள் வேர் அழுகிப் போயின. 2021-இல் களிமண் உருண்டைக்கு, அதாவது லெகாவுக்கு மாறினேன். இப்போது 11 தொட்டிகள். மாறிய பிறகு மழைக்காலத்தில் ஒரு செடிகூட அழுகவில்லை.

தொட்டியின் அடியிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, பக்கவாட்டில் இரண்டு துளை. அதுவரை தண்ணீர் நிற்கும், மிச்சம் வழிந்துவிடும். சூளையில் பொரிந்த உருண்டைக்குள் முழுக்க நுண்துளைகள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை தண்ணீரை மேலே ஏற்றும். உருண்டைகளுக்கு நடுவே காற்றும் ஓடும். ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைப்பதுதான் ஆர்கிட் வேருக்கு வேண்டியது. உருண்டையை நன்றாகக் கழுவி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் ஊறவைத்துவிடுங்கள். செம்மண் தூசி அவ்வளவு வரும்.

எப்போது மாற்றுகிறோம் என்பதில் கவனமாக இருக்க வேண்டும். பூவோடு வாங்கிய ஒரு செடியை மறுநாளே உருண்டைக்கு மாற்றினேன். ஒரே மாதத்தில் பழைய வேர் எல்லாம் கூழாகிவிட்டது. மட்டையில் வளர்ந்த வேர், ஓயாத ஈரத்துக்குப் பழகுவது கஷ்டம். உருண்டைக்குள்ளேயே முளைக்கிற வேர் அந்த ஈரத்தோடு வளர்ந்துவிடும். அதனால் இப்போதெல்லாம் பூ உதிரட்டும் என்று விட்டுவிடுவேன். அடித்தண்டில் புது வேரின் பச்சை நுனி கடுகளவு எட்டிப் பார்த்தால்தான் தொட்டியைத் தொடுவேன்.

அடுத்தது தண்ணீர். எங்கள் குடியிருப்பில் காவிரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து வரும். 2024 மார்ச்சில் ஊரே தண்ணீருக்கு அல்லாடியபோது டேங்கர் தண்ணீர்தான் கிடைத்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் 800-ஐத் தாண்டியது. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றினேன். மூன்று வாரத்தில் மேல் உருண்டைகளில் உப்பு ஜாடி விளிம்பு போல வெள்ளையாகப் பூத்துவிட்டது. விரலால் தேய்த்தால் நறநறவென்றது. ஆன்சிடியம் என்ற இன்னொரு வகை ஆர்கிட்டின் இலை நுனி காய்ந்து, வேர் நுனி கருகிவிட்டது. கீழேயிருந்து ஏறும் தண்ணீர் மேலே ஆவியாகும்போது உப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறது. இப்போது ஆர்ஓ தண்ணீர், மழைக்காலத்தில் மழைத் தண்ணீர். வாரம் ஒருமுறை வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி, துளை வழியாக நன்றாக வழிய விடுகிறேன்.

உரத்தைப் பொறுத்தவரை பையின் பின்பக்கத்தைப் படியுங்கள். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ் மூன்றும் சம அளவில் உள்ள சாதாரண 19:19:19 உரத்தில், நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியாவாக இருக்கும். யூரியாவைப் பிரித்துத் தரும் நுண்ணுயிர்கள் உருண்டையில் குறைவு. நான் நைட்ரஜன் நைட்ரேட்டாக இருக்கும் வகையைத்தான் லிட்டருக்குக் கால் கிராம் போடுகிறேன். ஆர்ஓ தண்ணீரில் கால்சியம் இருக்காது என்பதால் கால்சியம் நைட்ரேட்டை வேறொரு நாளில் தனியாகக் கரைத்து ஊற்றுகிறேன்.

டிசம்பர், ஜனவரி இரவுகளில் இங்கே 15 டிகிரி வரை இறங்கும். தண்ணீர் ஆவியாவதால் தொட்டி இன்னும் சில்லென்று இருக்கும். ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட இரவுக் குளிர் கொஞ்சம் வேண்டும்தான், ஆனால் வேர் விறைக்கக் கூடாது. டைல்ஸ் தரையிலிருந்து எடுத்து மரப்பலகை மேல் வைத்தேன், சரியாகிவிட்டது.

எல்லா ஆர்கிட்டுக்கும் இந்த முறையைச் சொல்ல மாட்டேன். குளிர்காலத்தில் காய்ந்து ஓய்வெடுக்க வேண்டிய நோபிலி வகை டென்ட்ரோபியத்துக்கு இது ஒத்துவராது. வாண்டா தொங்கும் கூடையிலேயே சந்தோஷமாக இருக்கிறது. ஃபெலனாப்சிஸ், ஆன்சிடியம் வைத்திருப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். உருண்டை, மட்டையைப் போல மக்காது. ஒருமுறை வாங்கிய உருண்டையைக் கொதிக்கவைத்துக் கழுவி மறுபடி பயன்படுத்துகிறேன்.

வேர் கருகிய அந்த ஆன்சிடியம் ஒன்றரை வருடம் அப்படியே நின்றது. போன மாதம் பக்கத்தில் ஒரு தளிர் விட்டு, அதன் அடியில் மூன்று வெள்ளை வேர்கள் உருண்டைக்குள் இறங்கியிருக்கின்றன. மழைத் தண்ணீர் ஒரு குடம் பிடித்து மூடி வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும்.