லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கும் தென்னாப்பிரிக்க டர்பன் நகரத்துக்காரர்கள் கவனத்துக்கு

சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கடையில் என் லேப்டாப்பிலிருந்த நல்ல ராமை, அதாவது நினைவகப் பலகையை, கழற்றிக்கொண்டு, அதில் பாதி அளவுள்ளதை மாட்டி, அதற்கு 1,450 ராண்ட் பில்லும் போட்டார்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் ஓட்டுகிறவர்கள் கூடுதலாகவே உஷாராக இருங்கள், என்னுடையதுபோல் உபுண்டு என்ற லினக்ஸ் வகை என்றதும் பழி போட ஓர் இடம் கிடைத்துவிடுகிறது இவர்களுக்கு.

என் லேப்டாப் திடீர் திடீரென்று உறைந்து நிற்கும். மவுஸ் அம்பு நகரும், ஆனால் எதைத் தட்டினாலும் திறக்காது, ஏற்கெனவே திறந்திருக்கிற டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) எந்தக் கட்டளை கொடுத்தாலும் 'இன்புட் அவுட்புட் எரர்', அப்புறம் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதுதான் வழி. மறுபடி ஆன் செய்து கணினியின் பதிவேட்டைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் பார்த்தால் பதிவு பாதியில் அறுந்திருக்கும். டிஸ்கே காணாமல் போனால் எதில் எழுதும்? ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடி ஒரு பிழைகூடக் காட்டவில்லை. எனக்கு எஸ்எஸ்டி மேல்தான், அதாவது அந்த டிஸ்க் மேல்தான் சந்தேகம். அதைக் கழற்றி ஒழுங்காகப் பொருத்தி, விசிறியில் தூசி தட்டிக் கொடுங்கள், வேறெதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

வாங்கப் போனால், "அங்கிள், ராம் போயிடுச்சு, மாத்தியாச்சு, எல்லாம் இந்த லினக்ஸால வந்தது" என்கிறான் கடைப்பையன். மெம்டெஸ்ட் பற்றிச் சொன்னேன், காதிலேயே விழவில்லை. பழைய ராம் குப்பைக்குப் போய்விட்டதாம். பணம் கட்டாமல் லேப்டாப் தரமாட்டேன் என்றதால் கட்டினேன், ரசீதில் 'ராம் மாற்றம்' என்று எழுதியும் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரியே பழையபடி உறைந்தது. 16 ஜிபி இருந்த இடத்தில் 8. கோளாறு தேடும்போதே, உள்ளிருக்கும் பாகங்களைப் பட்டியலிடும் எல்எஸ்எச்டபிள்யூ கட்டளை காட்டிய விவரம் முழுவதையும், ராமின் சீரியல் எண் உட்பட, பென்டிரைவில் சேமித்திருந்தேன். அதுதான் கைகொடுத்தது.

நிஜக் கோளாறு வேறு. அடுத்த முறை உறைந்தபோது திறந்திருந்த கெர்னல் (இயங்குதளத்தின் கரு) பதிவில் 'கன்ட்ரோலர் இஸ் டவுன்' என்று என்விஎம்இ டிரைவின், அதாவது என் எஸ்எஸ்டியின் பெயரோடு ஒரு வரி. ஏபிஎஸ்டி என்ற மின்சேமிப்பில் தூங்கப் போகும் டிரைவ் எழுந்திருக்கவில்லை. லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப்பில் என்விஎம்இ கோரின் அதிகபட்சத் தாமத அளவை 0 என்று வைத்து அந்தத் தூக்கத்தை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது, போகட்டும். உங்கள் லேப்டாப் உறைவதற்குக் காரணம் கிராபிக்ஸ் டிரைவராகவும் இருக்கலாம், இதையே எல்லோரும் செய்யாதீர்கள்.

அப்புறம் கடைக்குப் போய் நம் நாட்டின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டினேன். ரிப்பேருக்கு முன்பே மதிப்பீடு கொடுத்து ஒப்புதல் வாங்கச் சொல்கிறது 15ஆம் பிரிவு. கழற்றிய பாகத்தை, நாமே வேண்டாம் என்று சொன்னாலொழிய, திருப்பித் தரச் சொல்கிறது 67ஆம் பிரிவு. சீரியல் எண்ணையும் நீட்டியதும் குப்பைக்குப் போன ராம் மேசை டிராயரிலிருந்து வந்தது! பணம் மட்டும் வரவில்லை. நுகர்பொருள், சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மனுக்கு (நுகர்வோர் புகாரை விசாரிக்கும் அமைப்பு) ரசீதோடு புகார் அனுப்பியிருக்கிறேன், நமக்கு அதில் கட்டணம் கிடையாது. அது முடியும்வரை கடைப் பெயரைக் கேட்காதீர்கள்.