எம்35ஏ2 சரக்கு லாரியுடன் ஒன்பது ஆண்டுகள்

கடந்த ஒன்பது ஆண்டுகளில் என் எம்35ஏ2 லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது பழுதானது இரண்டே முறைதான். மற்ற எல்லாப் பழுதுகளும் அது கொட்டகையில் சும்மா நின்றிருந்த மாதங்களில் உருவாகி, அடுத்த முறை வெளியே எடுத்தபோது தெரியவந்தவை. பழைய ராணுவ லாரியைப் பொழுதுபோக்காக வாங்குபவர்கள், ராணுவ வண்டி என்றால் எதையும் தாங்கும் என்று நம்பி வாங்குகிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். இரும்பைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை சரிதான். அந்த இரும்பின் இடுக்குகளில் இருக்கும் ரப்பர் சீல்களுக்கும் ஹோஸ்களுக்கும் அது பொருந்தாது.

ரியோ நிறுவனம் 1950ஐ ஒட்டி அமெரிக்க ராணுவத்துக்காக வடிவமைத்த இரண்டரை டன் வரிசையில் வந்த வண்டி இது. மூன்று ஆக்சில்களுக்கும் இழுவை செல்லும். பின்பக்கம் இரட்டைச் சக்கரங்கள் என்பதால் மொத்தம் 10 டயர்கள். இரண்டரை டன் என்பது கரடுமுரடான நிலத்துக்கான சுமை அளவு. நல்ல சாலையில் 5 டன் வரை ஏற்றலாம். காலி வண்டியே ஏறத்தாழ 6 டன். பவர் ஸ்டீயரிங் கிடையாது. நின்ற இடத்தில் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் தோள்பட்டையில் தெரியும்.

இதன் 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின் பல எரிபொருள்களில் ஓடும்படி செய்யப்பட்டது. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனம் உருவாக்கிய முறைப்படி, பிஸ்டன் தலையில் உள்ள உருண்டைக் குழியின் சுவரில் எரிபொருள் மெல்லிய படலமாகப் படிந்து, ஆவியாகி எரிகிறது. இதனால் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் ஆகியவற்றிலும், நெருக்கடியில் பெட்ரோலிலும்கூட இது ஓடும். ஓடும் என்பதற்காக எல்லாவற்றையும் ஊற்றிப் பார்க்கும் சோதனையை நான் செய்யவில்லை. டீசலை மட்டுமே பயன்படுத்துகிறேன், லிட்டருக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கிறது. எரிபொருளின் அடர்த்திக்கேற்ப அளவைத் திருத்த, பம்பில் ஒரு கருவி இருக்கிறது. என் வண்டியில் அதன் சீல் காய்ந்து டீசல் கசியத் தொடங்கியதால், பல உரிமையாளர்கள் செய்வதைப் போலவே, டீசல் மட்டும் ஊற்றும் எனக்கு அது தேவையில்லை என்று அதைத் தவிர்த்துக் குழாய் இணைத்துவிட்டேன். கவலைப்பட வேண்டிய இடம் வேறு: பம்பின் உட்பகுதி தேய்ந்தால் டீசல் வெளியே சொட்டாமல் எஞ்சின் ஆயிலுக்குள் இறங்கும். ஆகவே அளவுகோலை இழுத்துப் பார்க்கும்போது ஆயில் குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. கூடியிருந்தால் எஞ்சினை இயக்கவே கூடாது.

இந்த வண்டியைப் பற்றி ஒரே ஒரு பகுதியை மட்டும் பேச அனுமதித்தால், நான் பிரேக்கைப் பற்றித்தான் பேசுவேன். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளுகிறது. காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ‘ஏர் பேக்’ (air pack) என்ற பூஸ்டர் அந்த விசையைப் பெருக்குகிறது. பெருகிய அழுத்தம் ஆறு சக்கர முனைகளுக்கும் ஒரே இணைப்பு வழியாகப் போகிறது. இன்றைய வண்டிகளில் உள்ள இரட்டைப் பாதை இதில் இல்லை. சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர்களில் எங்கோ ஒன்று விட்டுக்கொடுத்தால் ஆறு பிரேக்குகளும் சேர்ந்தே போய்விடும். மூன்றாம் ஆண்டில் எனக்கு அதுதான் நேர்ந்தது. காலி மைதானத்தில் மெதுவாகத் திரும்பும்போது மிதி தரையைத் தொட்டது. இழுவையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மைப் பிடிக்கும் கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். பிரித்துப் பார்த்தபோது, பின் ஆக்சிலின் வீல் சிலிண்டர் ஒன்றின் அடிப்பகுதியில் துரு அரித்த குழிகளும், அவற்றின் மேல் உரசிக் கிழிந்த ரப்பர் கப்பும் இருந்தன. ராணுவம் பின்னாளில் பயன்படுத்திய டாட் 5 சிலிக்கோன் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் உள்ளே புகுந்த நீர் அதில் கலக்காமல், தாழ்வான இடத்தில் தனியாகத் தேங்கி, வண்டி நிற்கும் மாதங்கள் முழுவதும் இரும்பை அரிக்கிறது. அன்று ஆறு சிலிண்டர்களையும் எல்லா ஹோஸ்களையும் ஒன்றாக மாற்றினேன். அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புகிறேன். சாதாரண டாட் 3 ஆயிலை இதோடு கலப்பதில்லை. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ஏர் டேங்குகளின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பது, வண்டியைப் பூட்டுவதைப் போலவே பழக்கமாகிவிட்டது.

ஓடும்போது வந்த இரண்டாவது பழுது, டயர் வெடித்தது. தரையைப் பிடிக்கும் பட்டன்கள் புதியவை போல உயரமாக இருந்தன, பக்கச் சுவர் மட்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாங்கும்போது பட்டனைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, டயரின் வயதைப் பார்க்கவில்லை. ஆக, அந்த இரண்டு பழுதுகளுமே சும்மா நின்றதன் கணக்கில்தான் சேரும்.

சக்கரத்தைக் கழற்றுவதில் என் அறியாமைக்கு ஒரு ஸ்டட் (நட்டு மாட்டும் மரையாணி) விலையாயிற்று. வண்டியின் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடப்புரி மரை. ஸ்டட் முனையில் பொறித்திருந்த எழுத்தைத் துருவும் வண்ணமும் மறைத்திருந்தன. நீளமான குழாயை மாட்டி, முழு எடையையும் கொடுத்து, இறுக்கும் திசையிலேயே கழற்றப் பார்த்தேன். பின் சக்கரங்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: உள் சக்கரத்துக்குத் தனி நட்டு, வெளிச் சக்கரத்துக்குத் தனி நட்டு. வெளி நட்டைத் தளர்த்தாமல் உள் நட்டை இறுக்க முடியாது. இதை அறியாதவர்கள் வெளி நட்டை மட்டும் இறுக்கிவிட்டு, உள் சக்கரம் ஆடிக்கொண்டிருப்பது தெரியாமல் ஓட்டுகிறார்கள். டயரைப் பிடித்து வைக்கும் லாக் ரிங் வளையம் உள்ள ரிம்முக்குக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். வளையம் சரியாக உட்காராமல் தெறித்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், இந்த ஒரு வேலையைக் கூண்டு வைத்திருக்கும் பட்டறைக்கே எடுத்துப் போகிறேன்.

டயர் மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே சுற்றளவில் வைக்க வேண்டியதற்கும் காரணம் உண்டு. என் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள ஸ்பிராக் கிளட்ச், பின் சக்கரங்கள் வழுக்கும்போது முன் ஆக்சிலைத் தானாகவே இணைக்கும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று மாட்டினால், சுற்றளவு வேறுபாட்டையே அது வழுக்கலாக எடுத்துக்கொண்டு, தார்ச்சாலையில்கூட முன் ஆக்சிலை இணைத்துவிடுகிறது. ஸ்டீயரிங் கனக்கிறது, கியர்கள் முறுக்கேறுகின்றன.

மின்சாரப் பகுதி எளிமையானது. 24 வோல்ட், தொடராக இணைத்த இரண்டு பேட்டரிகள், நீர் புகாத ரப்பர் இணைப்பிகள். எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே பாதிக் கோளாறுகள் தீரும். 12 வோல்ட் கருவிக்காக ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுத்தால் இரண்டும் சமநிலை கெட்டுச் சீக்கிரம் சாகும். 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வைப்பதே முறை.

இப்போது மாதம் ஒருமுறை, ஆக்சில் ஆயில் சூடேறும் வரை, குறைந்தது முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன். கொட்டகையில் பத்து நிமிடம் எஞ்சினை உறுமவிட்டு அணைப்பதை நிறுத்திவிட்டேன். அந்தச் சூடு ஆயிலில் சேரும் ஈரத்தை விரட்டப் போதாது, பிரேக்கும் சீல்களும் அசைவதே இல்லை. டி.எம். 9-2320-361 வரிசைப் பராமரிப்புக் கையேடுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. திருகும் விசை முதல் கிரீஸ் அடிக்கும் இடம் வரை எல்லாம் அவற்றில் இருக்கிறது. அவற்றைப் பார்க்காமல் ஊகித்துச் செய்த வேலைகளையெல்லாம் பிறகு திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். ஆனால் நீண்ட நாள் கொட்டகையில் பாதுகாத்த பளபளப்பான வண்டியை விட, வாராவாரம் ஓடி அழுக்கேறிய வண்டியையே தேடுவேன். நடு ஆக்சிலின் வலப்பக்க ஹப்பில் மூன்றாம் முறை மாற்றிய சீலும் கசிகிறது. சீல் உட்காரும் ஸ்பிண்டில் (சக்கரத்தைத் தாங்கும் தண்டு) பரப்பிலேயே பள்ளம் விழுந்திருக்க வேண்டும். அடுத்த வேலை அதுதான்.