ஹைட்ரஜன் சுடரா, ஹீட்டர் ராடா: ஒரு பக்கெட் வெந்நீரின் கணக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வெந்நீர் தேவைப்படுவது கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும்தான். சித்திரை பிறந்துவிட்டால் மாடித் தொட்டியே பாய்லர். மத்தியானம் குழாயைத் திறந்தால் கை சுடும். அந்த நாலு மாதத்துக்காக என் மச்சான் ஒரு பெட்டி வாங்கி வந்தான். தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து, வருகிற ஹைட்ரஜனையும் ஆக்ஸிஜனையும் ஒரே குழாயில் விட்டுப் பற்றவைக்கும் பெட்டி. "மாமா, தண்ணியே எரியுது, இனிமே செலவே இல்ல" என்றான். வீட்டில் ஏற்கெனவே 1.5 கிலோவாட் ஹீட்டர் ராடு இருக்கிறது. சரி, இரண்டையும் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45க்கு ஏற்றக் கிட்டத்தட்ட 0.47 யூனிட் வெப்பம் வேண்டும். எதை வைத்துக் காய்ச்சினாலும் இது மாறாது. ராடு தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடப்பதால் இழுக்கிற கரண்ட் ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்கே போகிறது. 20 நிமிடம், அரை யூனிட், முடிந்தது.

பெட்டியில் அதே கரண்ட் சுற்றுவழியில் வருகிறது. முதலில் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட் ஆக வேண்டும், பிறகு தகடுகளுக்கு நடுவே தண்ணீரைப் பிளக்க வேண்டும். அதற்குள் பெட்டியே சூடாகிறது. அந்தச் சூடு வீண். தாராளமாகவே 60 சதவீதம் வாயுவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் சுடர் அண்டாவின் அடியில் பட்டுப் பக்கவாட்டில் ஓடுகிறது, எரிந்து உண்டான நீராவி தன் சூட்டோடு மேலே போய்விடுகிறது. பாதி உள்ளே இறங்கினாலே பெரிய விஷயம். ஆக, அதே 20 லிட்டருக்கு ஒன்றரை யூனிட். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் போக ஆற்காடு போய்ச் சுற்றி வருகிற கதை.

மச்சான் விடவில்லை. "சுடர் 2800 டிகிரி மாமா!" உண்மைதான். ஆனால் டிகிரி வேறு, வெப்பத்தின் அளவு வேறு. ஊதுபத்தியின் நுனி எவ்வளவு கனன்றாலும் அதில் காபி போட முடியாது. இன்னொன்று, தண்ணீர் எரிபொருளே இல்லை. அது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். பிரிக்கப் போட்ட ஆற்றல்தான் எரியும்போது திரும்பி வருகிறது, அதுவும் குறைந்து வருகிறது. தண்ணீர்ச் செலவு என்னவோ சொற்பம்தான்: ஒரு பெரிய டம்ளர் அளவைப் பிளந்தால் 400 லிட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். வாயைப் பிளக்க வைப்பது அந்த டம்ளர்தான். மீட்டரை யாரும் பார்ப்பதில்லை.

இந்தச் சுடரை மொத்தமாகத் தள்ளவும் மனம் வரவில்லை. தெரு முனைப் பத்தர் கடையில் இதே வகைப் பெட்டி வருடக்கணக்காக ஓடுகிறது. பொடி வைத்து ஊதி நகையை ஒட்டுகிற வேலைக்கு ஊசிமுனைச் சுடர், கரி பிடிக்காது, சிலிண்டர் மாற்ற வேண்டாம். கொலுசு வளையம் ஒன்றை ஒட்டவைக்க மொத்த வெப்பம் கொஞ்சம் போதும், அது ஒரே புள்ளியில் விழ வேண்டும். 1801இல் அமெரிக்காவின் ராபர்ட் ஹேர் ஹைட்ரஜன்-ஆக்ஸிஜன் ஊதுகுழலைச் செய்தார். பிளாட்டினத்தைக்கூட அதில் உருக்கிவிட்டார்.

என்னைப் பயமுறுத்தியது வேறு. சமையல் கேஸ் கசிந்து, காற்றோடு கலந்தால்தான் வெடிக்கும். இதில் இரண்டு வாயுவும் வெடிக்கிற விகிதத்தில் கலந்தே குழாயில் நிற்கின்றன. வரத்து குறைந்தால் சுடர் குழாய்க்குள் பின்வாங்கி ஓடும். இடையில் தண்ணீர்க் குடுவையும், தீ திரும்பாமல் தடுக்கும் வால்வும் இல்லாமல் பற்றவைக்கவே கூடாது. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கும் சரியாகத் தெரியாது. பெட்டிக்கு டிஸ்டில்டு வாட்டரும், அதில் கரண்ட் ஓடுவதற்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் வேண்டும். இந்தக் காரம் கையில் பட்டால் புண்ணாகும். சமையல் உப்பு போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குளோரின் என்ற நச்சு வாயு வரும்.

ராடும் சாது இல்லை. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. எங்கள் போர் தண்ணீரின் உப்பு அதன்மேல் வெள்ளையாகப் படியும், சுரண்டாமல் விட்டால் சீக்கிரம் போய்விடும்.

கேஸ் அடுப்பில் வைத்தால் ஒரு பக்கெட்டுக்கு 60 கிராம் போல ஆகும். கேஸ் கீசர் வேகமானது, ஆனால் ஜன்னல் இல்லாத குளியலறையில் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். இந்த ஒரு விஷயத்தில் மச்சானின் சுடருக்கே வெற்றி. அதில் கார்பனே கிடையாது. கூட்டுக் குடும்பம் என்றால் சோலார்தான். வேலூர் வெயிலைச் சும்மா விடுவானேன்? குழாயில் உப்பு படிவதை மட்டும் கவனிக்க வேண்டும்.

பெட்டியைப் பத்தரிடம் காட்டினோம். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முனை தடிமனா இருக்கு தம்பி, இதுல மெட்டிகூட ஊத முடியாதே" என்றார். இப்போது அது மாடி அறையில் கிடக்கிறது. மச்சான் சோலார் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.